"ஒரு பாட்டு வாசி" என்று கேட்காதீர்கள்!

விருந்தாளி வந்தால் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு.

முதலில் காப்பி வரும். பிறகு முறுக்கு வரும். அதற்குப் பிறகு பிள்ளை வருவான்!

"தம்பி கிடார் கற்றுக்கொள்கிறானாமே! எங்கே, ஒரு பாட்டு வாசி, கேட்போம்!"

பையன் நெளிவான். அம்மா முகத்தைப் பார்ப்பான். "வாசிடா, மாமா ஆசையாகக் கேட்கிறாரே" என்பாள் அம்மா. அவன் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, ச ரி க ம என்று ஏறி இறங்குவான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இது என்ன? பாட்டு இல்லையா?"

இந்த ஒரு கேள்வி போதும். கற்றுக்கொள்ளும் ஆசை அங்கேயே செத்துவிடும்.

இதை நான் எங்கோ கேட்டுவிட்டு எழுதவில்லை. குள்ளஞ்சாவடியில், எங்கள் பக்கத்து வீட்டில், அப்படிக் கேட்டவன் நான்தான்!

சுவரில் தொங்கிய கிடார்

பையனுக்கு வயது பதின்மூன்று. அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு ஷிப்டு. மகன் கேட்டான் என்று போனஸ் பணத்தில் ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தார். சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்தான்.

மூன்று மாதம் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டுக் கேட்டேன். அவன் வரிசை வாசித்தான். நான் சிரித்தேன். "மூன்று மாதமாக இதுதானா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

மறுநாளில் இருந்து கிடார் சத்தம் இல்லை. ஒரு வாரம் ஆயிற்று. ஒரு மாதம் ஆயிற்று. கிடார் ஆணியில் தொங்கியது. அதன் கம்பியில் துரு ஏறியது.

அவன் அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, நீங்க அன்னைக்குச் சிரிச்சீங்களே, அதுல இருந்து அவன் அதைத் தொடவே இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் போனஸ் பணம் ஆணியில் தொங்குகிறது. தொங்க வைத்தவன் நான்!

அதன் பிறகுதான் அந்தப் பையன் வாசித்தது என்ன, அது எதற்கு என்று விசாரித்தேன். தெரிந்துகொண்ட பிறகு வெட்கப்பட்டேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கிடாரில் என்ன இருக்கிறது?

கிடாரில் 6 கம்பிகள். கழுத்தில் குறுக்கே சின்னச் சின்ன உலோகக் கட்டைகள் பதித்திருக்கும். வீணையில் மெட்டு என்று சொல்கிறோமே, அதைப் போன்றது. வீணையில் 24 மெட்டுகள் உண்டு.

கம்பியை ஒரு மெட்டுக்குப் பக்கத்தில் அமுக்கினால், அதிரும் நீளம் குறைகிறது. நீளம் குறைந்தால் சுரம் உயர்கிறது. ஒரு மெட்டுத் தாண்டினால் அரை சுரம் ஏறும். 12 மெட்டுத் தாண்டினால், கம்பியின் சரிபாதிக்கு வந்துவிடுவோம். அங்கே அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும்.

கணக்கைப் பாருங்கள். ஐந்தாவது கம்பியை அமுக்காமல் மீட்டினால் அது விநாடிக்கு 110 முறை அதிர்கிறது. 12-வது மெட்டில் அமுக்கி மீட்டினால் 220 முறை. சரியாக இரண்டு பங்கு!

இந்த இரண்டுக்கும் நடுவே படிப்படியாக ஏறி இறங்குவதைத்தான் வெள்ளைக்காரர்கள் "ஸ்கேல்" என்கிறார்கள். ஏணி என்றுதான் அதற்குப் பொருள். நாம் அதையே ஆரோகணம், அவரோகணம் என்கிறோம்.

பெயர்தான் வேறு. பொருள் ஒன்று.

அவர்கள் "மேஜர் ஸ்கேல்" என்பது நம் சங்கராபரணம். 72 மேளகர்த்தாக்களில் அது 29-வது. அவர்களின் "மைனர்" வகைகளில் ஒன்று நடபைரவி. இன்னொன்று கீரவாணி. மற்றொன்று கௌரிமனோகரி. கிடார் படிக்கும் பையன் தெரிந்தோ தெரியாமலோ நம் ராகங்களின் மேல்தான் விரலை வைத்து நடக்கிறான்!

அந்த ஏழு சுரங்களுக்கும் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சிலப்பதிகாரக் காலத்திலேயே யாழில் இவற்றை மீட்டினார்கள்.

சரளி வரிசையை யாராவது கேலி செய்வார்களா?

பாட்டு வாத்தியாரிடம் பெண்ணைச் சேர்க்கிறோம். முதல் நாளே கீர்த்தனை சொல்லித் தருகிறாரா? இல்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் என்று மாதக்கணக்கில் போகிறது. இந்தப் பாட முறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்.

மாயாமாளவகௌளை ராகத்தில் இந்த வரிசைகளைச் சொல்லித் தருகிறார்கள். ஏன் அந்த ராகம்? அதில் ச-வில் இருந்து ம வரை எப்படிப் படிகள் அமைந்திருக்கின்றனவோ, அப்படியே ப-வில் இருந்து மேல் ச வரையிலும் அமைந்திருக்கின்றன. கீழ்ப் பாதியைப் பழகினால் மேல் பாதி எளிதாக வரும்.

தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுப் பெண்கள் இதைப் பாடி வருகிறார்கள். "இது என்ன, பாட்டு இல்லையா?" என்று யாரும் சிரிப்பதில்லை. கிடார் பையனைப் பார்த்து மட்டும் ஏன் சிரிக்கிறோம்? அவன் கையில் இருப்பது சினிமாவில் பார்த்த வாத்தியம். எடுத்தவுடன் சினிமாப் பாட்டு வரும் என்று நினைக்கிறோம்!

"ஆர்ப்பெஜியோ" என்றால் யாழ்!

கிடார்க்காரர்கள் தினமும் செய்யும் இன்னொரு பயிற்சி உண்டு. அதன் பெயர் "ஆர்ப்பெஜியோ".

வாயில் நுழையாத பெயராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இத்தாலிய மொழியில் "ஆர்ப்பா" என்றால் நம் யாழைப் போன்ற ஒரு நரம்பு வாத்தியம். அதை மீட்டுவது போல மீட்டுவது ஆர்ப்பெஜியோ. அவ்வளவுதான்!

ச, க, ப என்ற மூன்று சுரங்களையும் ஒரே நேரத்தில் மீட்டினால் அது ஒரு கூட்டுச் சுரம். அதையே பிரித்து, ச... க... ப... மேல் ச... என்று ஒன்றன் பின் ஒன்றாக உதிர்த்தால், அது ஆர்ப்பெஜியோ. பூமாலையைக் கொத்தாக வீசுவது ஒன்று. பூப்பூவாகத் தூவுவது மற்றொன்று.

இதைக் கேட்டதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1982-ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தில் "இளைய நிலா" பாட்டு நினைவிருக்கிறதா? தொடக்கத்திலேயே கிடார் சுரங்கள் ஒவ்வொன்றாக உதிருமே, அது இந்த வகைதான். தமிழ்நாட்டில் கிடார் தூக்கிய பையன்களில் பாதிப் பேர் அதை வாசித்துப் பார்க்கத்தான் தூக்கினார்கள்.

ஆனால் அதை வாசிக்க வலக்கை விரல்கள் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். தடித்த மூன்று கம்பிகள் கட்டை விரலுக்கு. மற்ற மூன்றும் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலுக்கு, ஆளுக்கு ஒன்று. ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடக் கூடாது!

மோதிர விரலை மட்டும் தனியாகத் தூக்கிப் பாருங்கள். பக்கத்து விரலும் சேர்ந்து எழும்பும். கைக்குள் அவற்றின் தசைநார்கள் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கின்றன. அந்த விரலைத் தனியாக வேலை செய்யப் பழக்குவது ஒரு நாள் காரியமா?

பெரியவர்கள் என்ன செய்தார்கள்?

1812-ல் மௌரோ ஜூலியானி என்ற இத்தாலியர் வலக்கைக்கு மட்டும் 120 பயிற்சிகளை அச்சிட்டார். இடக்கைக்கு அதில் இரண்டே கூட்டுச் சுரங்கள்தான். அவற்றையே மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களை 120 விதமாக ஓட்ட வேண்டும். இருநூறு ஆண்டு கடந்தும் அந்தப் பயிற்சிகளை மாணவர்கள் வாசிக்கிறார்கள்.

ஸ்பெயின் நாட்டு ஆந்த்ரே செகோவியா 1893-ல் பிறந்தவர். கிடாரைப் பெரிய சங்கீத மண்டபங்களில் ஏற்றி வைத்தவர் அவர். 1953-ல் அவர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதில் பாட்டே கிடையாது. ஏறி இறங்கும் ஸ்கேல்களும், எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்ற எண்களுந்தான்!

அந்த நாடுகளை விடுங்கள். நம் ஊருக்கு வருவோம்.

பண்ணைப்புரத்தில் இருந்து சென்னைக்கு வந்தார் இளையராஜா. அண்ணனோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்து பாட்டு வாசிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்து மேல்நாட்டுச் சங்கீதத்தை அடிப்படையில் இருந்து படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976-ல் "அன்னக்கிளி" வந்தது. மற்றது உலகத்துக்கே தெரியும்.

கிடார் பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். அவர் கிடாரிலேயே கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்கிறார். மாண்டலின் உ. சீனிவாஸ் 1969-ல் ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்து, 2014-ல் மறைந்தார். சிறுவனாக இருந்தபோதே அந்த அயல்நாட்டு வாத்தியத்தில் கர்நாடக ராகங்களை வாசித்துப் பெரிய வித்வான்களை நிமிர்ந்து உட்கார வைத்தவர்.

அயல்நாட்டு வாத்தியம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பிடில் எந்த நாட்டு வாத்தியம்? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? வாத்தியத்துக்கு ஊர் கிடையாது. சாதகத்துக்குத்தான் பலன்!

நெய்வேலி சொல்லும் பாடம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரிய வைக்க வேறு உதாரணமே வேண்டாம். நெய்வேலி இருக்கிறது.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. 1956-ல் நிறுவனம் தொடங்கியது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

நிலக்கரி எப்போது கண்ணில் பட்டது தெரியுமா? 1961 ஆகஸ்டு மாதம்!

நான்கு ஆண்டுகளுக்கு மேல் என்ன எடுத்தார்கள்? மண்! வெறும் மண்! ராட்சத இயந்திரங்கள் இரவும் பகலும் மண்ணை வெட்டின. அடியில் இருந்து பொங்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது ஆண்டில் ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "இது என்ன? கரி இல்லையா?" என்று சிரித்துவிட்டு, அதைக் கேட்டு வேலையை நிறுத்தியிருந்தால்? இன்று அந்த மின்சாரம் இல்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது.

அந்தப் பையனின் அப்பா தினமும் மண் எடுக்கும் வேலைக்குத்தான் போகிறார். மகனும் மண்தான் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் அது தெரியவில்லை!

எப்படிப் பழக வேண்டும்?

இதில் வேகம் கூடாது. அது முதல் விதி.

கடிகாரத்தின் நொடி முள்ளைப் பாருங்கள். ஒரு நொடிக்கு ஒரு சுரம். ச ரி க ம ப த நி ச என்று ஏற 8 நொடி. இறங்க 8 நொடி. ஆக, ஒரு சுற்றுக்கு 16 நொடி. தவறு இல்லாமல் வந்த பிறகு நொடிக்கு இரண்டு சுரம். அதுவும் சரியானால் நான்கு. நம் பாட்டு வாத்தியார்கள் ஒன்றாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று சொல்லித் தருவதும் இதே கணக்குத்தான்.

முதல் வேகத்தில் 20 நிமிடம் வாசித்தால் 75 சுற்று. அந்த 75 சுற்றும் சரியாக இருந்தால் விரல் சரியானதைக் கற்றுக்கொள்ளும். அவசரப்பட்டுத் தவறாக வாசித்தால், விரல் தவறையே கற்றுக்கொள்ளும். விரலுக்குச் சரி எது, தவறு எது என்று தெரியாது. நாம் திரும்பத் திரும்பக் கொடுப்பதை அது வாங்கிக்கொள்ளும். தவறாகப் பழகியதை மறக்கடிப்பது புதிதாகப் பழகுவதைவிடக் கஷ்டம்.

தொடக்கத்தில் இடக்கை விரல் நுனி வலிக்கும். சில வாரங்களில் தோல் தடித்து வலி போய்விடும். ஆனால் மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். உட்காரும் விதத்திலோ, பிடிக்கும் விதத்திலோ தவறு இருக்கிறது என்று பொருள். ஆசிரியரிடம் காட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பது வீரம் அல்ல.

மறுப்புச் சொல்பவர்களுக்கு

"இப்படியே வரிசை வாசித்தால் பிள்ளைக்குச் சலித்துப் போகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிச்சயம் சலிக்கும். வெறும் உப்பைத் தின்ன முடியுமா? அதனால்தான் சொல்கிறேன்: 20 நிமிடம் வரிசை, பிறகு 10 நிமிடம் அவனுக்குப் பிடித்த பாட்டு. தட்டுத் தடுமாறி வாசிக்கட்டும். அது அவனுக்காக. விருந்தாளிக்காக அல்ல!

"வரிசையே படிக்காமல் பெரிய வாசிப்பு வாசிப்பவர்கள் இல்லையா?" என்பார்கள். இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு பாட்டின் ஒரு துண்டை நூறு முறை, இருநூறு முறை வாசித்துத் தேய்த்தவர்கள். பெயர் தெரியாமல் செய்த சாதகம் அது.

"அப்பா இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூங்க வேண்டும். இவன் டொங்கு டொங்கு என்று ஒன்றையே தட்டிக்கொண்டிருந்தால்?" இதுவும் எங்கள் ஊரில் உண்மையான தொல்லைதான். உழைத்து வந்தவரின் தூக்கம் பெரிது. அதற்கு வழி இருக்கிறது. வலக்கைப் பக்கம், கம்பிகள் கட்டையில் சேரும் இடத்தில், ஒரு துணியை மடித்துக் கம்பிகளுக்கு அடியில் செருகிவிடுங்கள். சத்தம் அடங்கிவிடும். விரலுக்குப் பயிற்சி கிடைத்துவிடும். அப்பா எழுந்த பிறகு துணியை எடுத்துவிட்டு, சுரம் சுத்தமாகக் கேட்கிறதா என்று பார்க்கலாம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. சில இடங்களில் சேர்ந்த மூன்றாவது வாரமே ஒரு சினிமாப் பாட்டைச் சொல்லித் தந்துவிடுகிறார்கள். "இந்த மெட்டில் இந்த விரல், அந்த மெட்டில் அந்த விரல்" என்று மனப்பாடம்! ஆண்டு விழாவில் பையன் வாசிக்கிறான். பெற்றோர் கைதட்டுகிறார்கள். செல்போனில் படம் பிடிக்கிறார்கள். அடுத்த பாட்டைக் கொடுத்தால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுத்துத் தெரியாமல் கையெழுத்து மட்டும் போடக் கற்றுக்கொண்டவனின் கதைதான்!

ஆனால் ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. "பணம் கட்டி ஆறு மாதம் ஆகிறது, ஒரு பாட்டுக்கூட வரவில்லையே" என்று வாசலில் நின்று கேட்பவர்கள் நாம்தானே? நாம் கேட்பதைத்தான் அவர் கொடுக்கிறார்.

ஆறாவது சுரம்

எங்கள் பக்கத்து வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். பையனைக் கூப்பிட்டேன். "தம்பி, அன்றைக்கு மாமா தெரியாமல் சிரித்துவிட்டேன். தப்பு என்னுடையது. அந்த வரிசையை எனக்கு இன்னொரு முறை வாசித்துக் காட்டுவாயா?" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு ஆணியில் இருந்து கிடாரை எடுத்தான். துணியால் துடைத்தான். சுருதி சேர்த்தான். வாசித்தான். மேலே ஏறும்போது ஆறாவது சுரத்தில் விரல் தடுக்கியது. மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினான். மறுபடியும் தடுக்கியது.

"விரல் மறந்துடுச்சு, மாமா" என்றான்.

"மெதுவாக வாசி. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை" என்றேன்.

அவன் அப்பா உள்ளே இருந்து வந்து கதவருகில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் புதுக் கம்பிகள் வாங்கி வந்து கொடுத்தார்.

இப்போது மாலையில் எங்கள் தெருவில் நடந்தால் அந்தச் சத்தம் கேட்கிறது. எட்டுச் சுரம் ஏறுகிறது, எட்டுச் சுரம் இறங்குகிறது. பாட்டு இல்லைதான். ஆனால் ஆறாவது சுரம் இப்போது தடுக்குவதில்லை.

பெற்றோர்களே! உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வரலாம். நீங்களும் யார் வீட்டுக்காவது விருந்தாளியாகப் போகலாம். அங்கே ஒரு பிள்ளை கிடாரோ, பிடிலோ, வீணையோ கற்றுக்கொண்டிருக்கலாம்.

"ஒரு பாட்டு வாசி" என்று கேட்காதீர்கள்.

"இன்றைக்கு என்ன வரிசை பழகினாய்? அதைக் காட்டு, கேட்போம்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, முடியும் வரை பொறுமையாக உட்கார்ந்திருங்கள்.

பாட்டு தானாக வரும்!